தூரத்துக்கு மட்டும்

ஸ்கூட்டர் சீட்டில் துண்டை விரித்து
இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தேன்.
மணக்குடிப் பாலம். காலை ஆறரை.

முதலாவது, வெட்டூர்ணிமடம் ரசலையன் சாருடையது.
மகன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பத்துக்கு ஐம்பது.
இருபத்தொரு வருடம் ஸ்டீல் பீரோவில்
பாச்சா உருண்டையோடு இருந்தது.
உறையின் வார் இன்னும் எந்தத் தோளுக்கும் வளையவில்லை.
ஏழாயிரம். “தொட்டதே இல்லை” என்றார்.
உண்மைதான்.
கவிழ்த்துப் பிடித்து டார்ச் அடித்தேன்.
இடது குழலுக்குள் பூஞ்சை,
வெள்ளை வேர் விட்டு.
யாரும் பார்க்காத கண்ணாடியில்
தன் பாட்டுக்குக் குடும்பம் நடத்தியிருக்கிறது.
திங்களுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம்.

இரண்டாவது, ததேயுஸின் கழுத்திலிருந்து
இப்போதுதான் இறங்கியது.
ஏழுக்கு ஐம்பது. ரஷ்யாவோ என்னவோ,
எழுத்தையெல்லாம் உப்பு தின்றுவிட்டது.
கறுப்பு போய்ப் பித்தளை தெரிகிறது,
விரல் படும் இடங்களில் மட்டும்.
ஒரு கண்வளையம் சைக்கிள் டியூப்.
முகத்தருகே கொண்டுபோனால் மீனும் டீசலும்.
மூவாயிரம்.

நான் கரண்ட் ஆபீஸ். வீடு வீடாக மீட்டர் பார்ப்பவள்.
நாய் உள்ள கேட்டுக்கு வெளியே நின்றே
ஆறு இலக்கம் வாசிப்பேன்.
புள்ளிக்குப் பின்னால் உள்ளதை
எழுதக் கூடாது என்பதும் தெரியும்.

உப்பளத்துப் பக்கம் பூநாரைகள். நாற்பது? நாற்பத்திரண்டு?
பத்து மடங்கு கிட்டே வருகிறது அலகு.
என் கையும் பத்து மடங்கு நடுங்குகிறது.
இடது கண்ணுக்கு மட்டும் மார்கழி.
வலது கண் எண்ணுகிறது, இடது கண் மறுக்கிறது.

ததேயுஸின் குழலில் எல்லாம் சின்னது, ஆனால் நிற்கிறது.
வெள்ளைக் கொக்கெல்லாம்
தேநீரில் விழுந்து எழுந்தது போல மஞ்சள்.
ஆனால் ஆலாக்கள்!
பொழிமுகத்தில் ஒவ்வொன்றும்
தலைகீழாக விழும் முன்
ஒரு நொடி காற்றில் நின்று யோசிப்பதுகூட.

“அதான், அத பாருங்க” என்றார் ததேயுஸ்,
நான் எதைப் பார்க்கிறேன் என்று
குழல் இல்லாமலே தெரிந்து.
“ஆலா விழுந்தா அடியில சாளை கெடக்கும்.
பதினெட்டு வருசம் அத பாத்துதான் வலைய போட்டேன்.
இப்பம் வள்ளத்துல மெஷின் இருக்கு.
அடியில கெடக்கத அதுவே காட்டும்.”
பிறகு கேட்டார்:
“நீங்க பட்சிய பாத்து என்ன செய்வீங்க?”
“எழுதி வைப்பேன்.”
“எழுதி?”
நோட்டைப் புரட்டினேன். அதில் இல்லை பதில்.

சக்கரத்தைத் திருப்பினேன். அசையவில்லை.
துணி சுற்றி இன்னொரு தடவை.
“அது திரும்பாது பிள்ளே, உப்பு பிடிச்சிற்று.
கடல்ல எல்லாமே தூரந்தானே.
நான் அத திருப்பினதே கெடையாது.”

ஐந்நூறு குறைத்தார்.
ரசலையன் சாரிடம் என்ன சொல்வதென்று
யோசித்துக்கொண்டே பணத்தை எண்ணினேன்.
வாங்கிப் பையில் வைத்த பிறகு
அவர் கை ஒருமுறை நெஞ்சுக்குப் போய்
எதையும் காணாமல்
ஏற்கெனவே போட்டிருந்த பொத்தானைத் தடவியது.

அவர் போனதும்
பாலத்துக் கைப்பிடியில், நாலெட்டுத் தூரத்தில்,
சிறு மீன்கொத்தி ஒன்று வந்து உட்கார்ந்தது.
குழலை உயர்த்தினேன். நீல மைக்கறை.
இறக்கினால் பறவை. ஏற்றினால் கறை.
வெறுங்கண் போதும் என்று யாரும் சொல்வார்கள்.
கொடுத்தது இரண்டாயிரத்து ஐந்நூறு.

கண்ணிலிருந்து எடுக்காமல்
பின்னால் நடக்கத் தொடங்கினேன்.
பத்தெட்டு. இருபது.
மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்து
ஏதோ ஏசிவிட்டு விலகிப் போயிற்று.
அலகுக்கு ஓரம் கிடைத்தது.
கழுத்தடியில் வெள்ளை.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால்
கண்ணும் தெரியும்.